துறைக்கு எட்டாத கடல்

நிலம் ஆடத் தொடங்கியபோது அக்கா ஒரு மெத்தைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சுருட்டிக் கட்டிய மெத்தையைத் தோளில் வைத்திருந்த பயணி, அதற்குத் தனிச் சீட்டு எடுக்க முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"இது மேலதான் உட்கார்ந்து வரப்போறேன். அப்ப இது இருக்கைதானே?"

"இருக்கைன்னா படகோட இருக்கணும். உங்க தோள்ல இருக்கிறதுக்குப் பேரு சாமான்," என்றாள் அக்கா.

அவளைவிட மூத்தவர்களும் அந்த ஊரில் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தீவுக்கும் எதிர்க்கரைக்கும் இடையே ஓடும் பயணிகள் படகு அவளுக்கும் அவள் தம்பிக்கும் சொந்தம். அவள் சுக்கான் பிடிப்பாள். அவன் என்ஜினைப் பார்த்துக்கொள்வான். அவன் தலைக்கு மேலே அவள் குரல், அவள் காலுக்குக் கீழே அவன் சத்தம், இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. தம்பியின் மனைவி அப்போது எதிர்க்கரையில் இருந்தாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், துணைக்குப் போயிருந்தாள்.

முதலில் சீட்டு ஜன்னலின் கண்ணாடி கடகடத்தது. லாரி போகிறது என்று நினைத்தார்கள். அடுத்த கணம் தரை பக்கவாட்டில் இழுத்தது, பிறகு கீழிருந்து ஓங்கி உதைத்தது. மெத்தைக்காரர் மெத்தையோடு உட்கார்ந்துவிட்டார். படகு துறையின் தூண்களில் மோதி மோதி விலகியது. நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று ஒவ்வொரு நொடியும் தோன்றியும் ஆட்டம் நிற்கவில்லை. தம்பி என்ஜின் அறையிலிருந்து துறைக்குத் தாவினான். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினான்.

"கடல் உள்வாங்குது! எல்லாரும் மேல போங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

மேட்டில் இருந்த பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடி நின்று கடலைப் பார்த்தது. வரப்போகும் அலையை நினைத்துப் பெரியவர்களே அழுதார்கள். தண்ணீர் விலகிப் போனது, சேறும் கலங்கலுமாகத் திரும்பி வந்தது, மறுபடி விலகியது. தொட்டியில் யாரோ கையை விட்டு அளைந்த மாதிரி அப்படியும் இப்படியும் அலைந்தது. பயந்த அளவுக்குப் பெரிய அலை எதுவும் வரவில்லை. சாயங்காலத்துக்குள் கடல் ஓய்ந்தது. ஆனால் ஓய்ந்த இடம் பழைய இடம் இல்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தபோது துறை காய்ந்து கிடந்தது. கடலடி என்று இதுவரை யாரும் கண்ணால் பார்க்காத பவளப்பாறை, சொரசொரப்பாக, பழுப்பும் பச்சையுமாக, வெகுதூரம் வரை வெளியே தெரிந்தது. குழிகளில் தேங்கிய தண்ணீரில் மீன்கள் துள்ளின. துறையின் தூண்களில் சிப்பிகள் ஒட்டியிருந்த இடம் அக்காவின் தலைக்கு மேலே இருந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தூங்குகிற மாடு மாதிரி பாறைமேல் படுத்திருந்தது.

"வரும்," என்றாள் அக்கா. "கடல் எங்க போயிடப்போகுது?"

கடல் ஏற்றத்துக்குக் காத்திருந்தாள். தண்ணீர் ஏறியது, ஆனால் படகுக்கு எட்டவில்லை. அடுத்த ஏற்றத்துக்கும் அதே கதை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் போவாள், அடுப்பைப் பற்றவைப்பாள், அணைத்துவிட்டு மறுபடி துறைக்கு வருவாள். சீட்டு அறையைப் பெருக்குவாள். பெருக்கி முடிப்பதற்குள் தரை லேசாக நடுங்கும், துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவாள். அந்தச் சின்ன ஆட்டம் ஒவ்வொன்றின்போதும், நிலம் இறங்கிவிட்டதோ, தண்ணீர் வந்துவிட்டதோ என்று முதலில் படகைத்தான் பார்ப்பாள்.

தம்பியின் தவிப்பு வேறு. போனில் மனைவியின் எண்ணை அழுத்தி அழுத்தி அவன் கட்டைவிரல் தேய்ந்துவிடும்போல் இருந்தது. அந்தப் பக்கம் மணியே அடிக்கவில்லை.

"அக்கா, ஆளுங்களைக் கூப்பிட்டுப் படகைத் தண்ணிக்கு இழுத்துடலாம்."

"இந்தப் பாறைமேலயா? அடிப்பலகை கிழிஞ்சிடும். ரெண்டு நாள் பொறு. தண்ணி வந்துடும்."

"என் பொண்டாட்டி அங்க இருக்காளா இல்லையான்னே தெரியல. நீ தண்ணி, தண்ணின்னு உட்கார்ந்திருக்க. உனக்குப் படகுதான் பெருசு."

"படகை உடைச்சுட்டு எப்படிடா போவ? நீந்தியா?"

"நீந்தியாவது போவேன்."

சொன்னபடி நீந்தவில்லை. ஆட்டத்தின்போது நடுக்கடலில் இருந்த ஒரு மீன்பிடிப் படகு அன்று மத்தியானம் பாறைக்கு வெளியே நங்கூரம் போட்டது. அதில் இருந்தவர்கள் அக்கரையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். "அங்க துறை மேலயே தண்ணி நிக்குது, தெருவுக்குள்ள கடல் வந்திருக்கு," என்று கத்திச் சொன்னார்கள். தம்பி செருப்பைக்கூடத் தேடவில்லை. பாறைமேல் வெறுங்காலோடு ஓடி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அந்தப் படகில் ஏறிவிட்டான். அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் படகை விட்டு நகரவில்லை.

மீன்பிடிப் படகு மறுமுறை வந்தபோது ஒரு பெண் இறங்கினாள். முதுகில் பை, கையில் அளவுக் கோல், இடுப்பில் உலோக டேப். நிலநடுக்கத்தை ஆராய்கிறவள். நேராகத் துறைத் தூண்களிடம் போய் சிப்பிகளின் வரிசையிலிருந்து டேப்பை இழுத்து அளக்க ஆரம்பித்தாள். அன்றைக்கே ஊர் அவளுக்கு 'டேப் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டது. அக்காவின் தம்பியிடமிருந்து அவள் ஒரு சேதியும் கொண்டுவந்திருந்தாள்: மனைவியும் மாமியாரும் உயிரோடு இருக்கிறார்கள், வீட்டுக்குள் தண்ணீர், மாமியார் வெளியே வர மறுக்கிறார், படகு வேண்டும்.

"உயிரோட இருக்காங்க," என்று அக்கா இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு டேப்பின் மறுமுனையைத் தானாகவே பிடித்துக்கொண்டு கேட்டாள். "மேடம், தண்ணி எப்பத் திரும்பும்?"

"தண்ணி எங்கயும் போகலைங்க. அது இருந்த இடத்துலதான் இருக்கு. உங்க தீவுதான் மேல வந்திருக்கு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தீவு என்ன லிஃப்டா?"

டேப் மேடமும் சிரித்தாள். சீட்டு அறைக்குள் வந்து, மேஜையில் கிடந்த நீளமான பிளாஸ்டிக் அட்டையை எடுத்தாள். கட்டண விவரம் அச்சடித்த அட்டை. அதன் ஒரு முனையை மேஜையோடு அழுத்திப் பிடித்து, மெல்ல உள்பக்கம் தள்ளினாள். நடுவில் அட்டை புடைத்துக்கொண்டது.

"பூமியோட மேல்தோல் ஒரே துண்டு இல்லைங்க. பெரிய பெரிய பாறைத் தட்டுகளா உடைஞ்சு கிடக்கு. எல்லாமே நகருது, நகம் வளர்ற வேகத்துல. இங்க கடலுக்கு அடியில இருக்கிற தட்டு நம்ம தட்டுக்குக் கீழே நுழையுது. நுழையும்போது நம்ம விளிம்பு அதோட ஒட்டிக்கிட்டு, உள்ள இழுபடுது. விளிம்புல இருக்கிறது உங்க தீவு. இவ்வளவு காலமா அது கொஞ்சம் கொஞ்சமா அமுங்கிட்டிருந்துச்சு. பின்னால இருக்கிற எதிர்க்கரை இப்படிப் புடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு ஒட்டு விட்டுப்போச்சு."

கையை எடுத்தாள். முனை துள்ளி எழுந்தது. புடைப்பு தட்டையாக விழுந்தது.

அக்கா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, அந்தப் பக்கம் தெருவுல தண்ணி நிக்கிறது..."

"அந்தப் பக்கம் இறங்கியிருக்கு. எவ்வளவுன்னு போய் அளக்கணும்."

"இது திரும்ப இறங்குமா?"

"இறங்கும். இப்பவே மறுபடி ஒட்டிக்க ஆரம்பிச்சிருக்கும். நூறு வருஷம் ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம்."

"அதுவரைக்கும் டிக்கெட் ஜன்னலைத் திறந்து வைக்கட்டுமா?"

டேப் மேடம் அட்டையைக் கீழே வைத்தாள். வெளியே வந்து மேட்டைக் காட்டினாள். கடலிலிருந்து ஊர் படிப்படியாக ஏறுகிறது அல்லவா, கீழே மீன் சந்தை, அதற்கு மேல் ஒரு சமதளத்தில் வீடுகள், அதற்கும் மேல் பள்ளிக்கூடம்? ஒவ்வொரு படியும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது என்றாள். இறங்கும்போது நிலம் முழுசாக இறங்குவதில்லை, கொஞ்சம் மிச்சம் மேலேயே நின்றுவிடும், அந்த மிச்சங்கள் சேர்ந்ததுதான் இந்தத் தீவு.

அக்காவின் வீடு இரண்டாவது படியில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் அவள் துணி உலர்த்தும் வெள்ளைப் பாறை ஒன்று உண்டு. அன்று போய்க் குனிந்து பார்த்தாள். கீழே படகுக்கு அடியில் கிடக்கும் பவளத்தில் இருந்த அதே நெளிவு, அதே சின்னச் சின்னப் பூக்கண்கள். இத்தனை வருஷமும் கடலடியில் சேலை காயப்போட்டிருக்கிறாள். அவளுக்கு அதற்கு மேல் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. விடுவிடுவென்று தெருவில் இறங்கிக் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கூப்பிட்டாள்.

"படகை இழுக்கணும். இப்பவே. கயிறு இருக்கிறவங்க கயிறு கொண்டு வாங்க, கை இருக்கிறவங்க கையைக் கொண்டு வாங்க."

வந்தார்கள். எண்ணெய் பீப்பாய்களை உருட்டி வந்தார்கள். டயர், பலகை, பழைய வலை என்று ஆளுக்கொன்று பாறைமேல் பரப்பினார்கள். கூரான இடம் ஒன்று மட்டும் எதை வைத்தாலும் குத்திக்கொண்டு நின்றது. மெத்தைக்காரர் தன் மெத்தையைக் கொண்டுவந்து அங்கே விரித்தார்.

"புது மெத்தையாச்சே," என்றாள் அக்கா.

"சாமான்தானே," என்றார் அவர்.

ஏற்றம் உச்சத்துக்கு வந்த நேரத்தில் இழுத்தார்கள். படகு முனகியது, அசைந்தது, பீப்பாய்களின் மேல் ஏறியது. பாதி தூரம் வந்திருப்பார்கள், நிலம் நடுங்கியது. கயிற்றை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் மேட்டுப் பக்கம் பாய்ந்தார்கள். படகு பக்கவாட்டில் நழுவியது. அக்கா மட்டும் கயிற்றை விடவில்லை, அது அவள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. பீப்பாய் ஒன்று நசுங்கிப் படகைத் தாங்கி நிறுத்தியது. நடுக்கம் நின்றதும் ஓடியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பி வந்து கயிற்றைப் பிடித்தார்கள். இந்த முறை படகு தண்ணீரைத் தொடும்வரை நிறுத்தவில்லை. அடிப்பலகையில் ஒரு கீறல், தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே. தாரும் தகரமும் வைத்து அடைத்தார்கள்.

என்ஜின் அறைக்குள் அக்கா அதிகம் இறங்கியதே இல்லை. அது தம்பியின் ராஜ்ஜியம். கையில் துணிக்கட்டோடு இறங்கி, அவன் தினமும் என்ன செய்வான் என்று மேலிருந்து காதால் கேட்டதை வைத்து ஒவ்வொன்றாகத் திருகினாள். இருமியது, நின்றது. மறுபடி இருமியது. கடைசியில் கரும்புகையோடு பிடித்துக்கொண்டது. டேப் மேடமும் ஏறிக்கொண்டாள், அவளுக்கு அக்கரையை அளக்க வேண்டியிருந்தது. முன்பக்கம் நின்று அளவுக் கோலைத் தண்ணீரில் விட்டு, "இருக்கு... இருக்கு... இல்ல, இல்ல, வலது பக்கம்!" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும் வழி என்று அக்கா பெருமை பேசிய பாதை அது. இப்போது அவள் பெயர்கூட வைக்காத பாறைகள் தலையை நீட்டிக்கொண்டு நின்றன. பழக்கத்தில் அவள் கை சுக்கானைத் திருப்பும், கண் தடுக்கும்.

நீரிணையின் நடுப்பகுதி தாண்டியதும் ஆழம் கூடியது. எதிர்க்கரையில் துறையைக் காணவில்லை. விளக்குக் கம்பங்களும் கூரையும் மட்டும் தண்ணீருக்குள் வரிசையாக நின்றன. அக்கா கம்பம் ஒன்றில் படகைக் கட்டினாள். முழங்கால் தண்ணீரில் தெருவிலிருந்து நடந்துவந்த தம்பி, படகைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இழுத்துட்டியா?" என்றான்.

"இழுத்துட்டேன்."

அவன் அவள் கைக்கட்டைப் பார்த்தான். "வா, அத்தைகிட்ட நீ பேசு. எங்களால முடியல," என்று முன்னால் நடந்தான்.

அந்த வீட்டின் முன்னறையில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. சுவரில் அதைவிட உயரத்தில் ஓர் ஈரக் கோடு. அடுப்பு அலமாரியின் தலைமேல் ஏறியிருந்தது. கட்டிலின் கால்களுக்குச் செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு கண்ணில் பஞ்சும் பிளாஸ்திரியுமாகச் சம்பந்தியம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பியின் மனைவி வாளியால் தண்ணீரை வாசலுக்கு வெளியே இறைத்துக்கொண்டிருந்தாள். இறைத்தது இறைத்த வேகத்தில் உள்ளே வந்தது.

"அண்ணி!" என்று வாளியைப் போட்டுவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"வாங்க," என்றார் சம்பந்தியம்மா. "உட்காரச் சொல்லலாம்னா நாற்காலி பின்பக்கம் மிதந்து போயிடுச்சு."

"கிளம்புங்க சம்பந்தியம்மா. படகு கொண்டு வந்திருக்கேன்."

"எதுக்கு? தண்ணி வருது, போகுது. கடல் ஏறினா இறங்காம எங்க போகும்? ரெண்டு நாள் பொறுத்துக்கிட்டா போதும்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. கிட்டத்தட்ட தம்பியிடம் அவள் சொன்னதேதான். தம்பி அவளைப் பார்த்தான், அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"நானும் அதைத்தான் சொல்லிட்டிருந்தேன்," என்றாள் கடைசியில். "கடல் ஏறலைங்க. உங்க வீடு இறங்கிடுச்சு."

"என்ன பேச்சு இது? எங்க வீட்டுக்காரர் கான்கிரீட் போட்டுக் கட்டின வீடு. வீடு இறங்கிடுச்சாம்!"

"வீடு அப்படியேதான் இருக்கு. வீட்டைத் தாங்கற ஊரே இறங்கியிருக்கு. எங்க ஊரு ஏறியிருக்கு. நீங்க இறங்கினதும் நாங்க ஏறினதும் ஒரே ஆட்டத்துல." அட்டையை வைத்து டேப் மேடம் காட்டியதை அக்கா தன் உள்ளங்கையை வளைத்துக் காட்டினாள். துணிக்கட்டுக்குள் கை எரிந்தது. "இந்தத் தண்ணி போற விருந்தாளி இல்லைங்க. தங்க வந்தது."

சம்பந்தியம்மா ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தார். "அங்க ஆடாதா?"

"ஆடும்."

"இங்கயும் ஆடுது. அப்ப நான் எதுக்கு வரணும்?"

"அங்க ஆடும்போது கால் நனையாது."

வெளியே தெருவில் ஏற்றத் தண்ணீர் சலசலத்தது. கட்டிலுக்கு அடியில் இன்னொரு செங்கல் மூழ்கியது. சம்பந்தியம்மா அதைக் குனிந்து பார்த்தார். "மருந்துப் பையை எடு," என்றார் மகளிடம். "அந்தச் சின்னப் பெட்டியையும்." தம்பி முதுகைக் காட்டிக் குனிந்தான். அவன் முதுகில் ஏறியவருக்குத் தெரு முழுக்க, "மெதுவா... குழி இருக்கு... நான் என்ன மூட்டையா?" என்று வாய் ஓயவில்லை.

படகில் தம்பி நேராக என்ஜின் அறைக்குள் இறங்கினான். இறங்கியவுடன் கீழேயிருந்து குரல் வந்தது.

"இதை யாரு தொட்டது?"

"நான்தான்."

"காதே கிழியுது."

சற்று நேரத்தில் என்ஜின் பழைய மாதிரி சீராக ஓடத் தொடங்கியது. அக்கா சுக்கானைப் பிடித்துக்கொண்டு, அவன் பார்க்க முடியாத இடத்தில் நின்று, ஒரு தடவை அழுதாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் தீவின் பவளம் காய்ந்து வெளுத்தது. நாற்றம் அடங்க வெகுநாள் ஆனது. பழைய துறையின் நுனியிலிருந்து தண்ணீர் வரை மரப்பலகை நடைபாதை ஒன்று போட்டார்கள். கடல் விட்டுப்போன இடத்தில் இரண்டே வாரத்தில் ஆட்கள் கல் நட்டுக் கயிறு கட்டி 'இது என்னுது' என்று சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். டேப் மேடம் மேட்டில் ஓர் ஆண்டெனாக் கம்பத்தை நட்டுவிட்டுப் போனாள். அது தீவு நகர்வதை ராப்பகலாகக் கவனிக்கிறதாம்.

அக்காவுக்குப் படகில் நிம்மதி, தரையில் இல்லை. சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு சாப்பிடுவாள், அதிர்கிறதா என்று. "உட்காருங்களேன்," என்று சம்பந்தியம்மா சொன்னால் உட்காருவாள், அடுத்த நிமிஷம் வாசலில் நிற்பாள். சம்பந்தியம்மா தற்காலிகமாகத்தான் வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே அக்காவின் சமையலறையை இடம் மாற்றி அடுக்கிவிட்டார். எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அக்கா கத்துவாள், அவர் திருப்பிக் கத்துவார். அந்த நேரத்தில் மட்டும் அக்காவுக்குத் தரை ஞாபகம் வராது.

ஒருநாள் சம்பந்தியம்மா தன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். கடல் இறங்கியிருந்த நேரத்தில் நால்வரும் போனார்கள். வாசற்படியில் சிப்பி பிடித்திருந்தது. உள்ளே சின்ன மீன்கள் கூட்டமாகத் திரிந்தன. சம்பந்தியம்மா அறை அறையாக நடந்தார். எதையும் தொடவில்லை. கடைசியில் முன்வாசல் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல மரம்," என்றார். "கழட்டிடலாம்."

தம்பியும் அவன் மனைவியும் கீலைக் கழற்றினார்கள். இரண்டு கதவு, மூன்று ஜன்னல். படகின் மேல்தளத்தில் பயணிகள் உட்காரும் இடத்தில் அவற்றைக் கிடத்தி, நழுவாமல் இருக்கத் தம்பி மேலே உட்கார்ந்துகொண்டான்.

"இதை எங்க வைக்கிறது?" என்றான்.

"புதுக் கரையில எனக்கும் ஒரு கல் நடுங்க," என்றார் சம்பந்தியம்மா. "ஊர்ல எல்லாரும் நடுறாங்க."

"அது கடலடிங்க," என்றாள் அக்கா.

"உங்க வீடு மட்டும் என்னவாம்?"

தம்பியின் மனைவி சிரித்துவிட்டாள். அக்கா சுக்கான் பக்கம் திரும்பினாள். முன்னால் தண்ணீரின் நிறம் ஓரிடத்தில் வெளிறித் தெரிந்தது. நேற்று அங்கே பாறை இருந்ததாக ஞாபகம் இல்லை, இருந்திருக்கவும் கூடும். பழக்கத்தில் காலால் கீழே தட்டி, வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். மேலே இருந்த தம்பி கதவுகளை விட்டுவிட்டு என்ஜினுக்கு ஓடினான். கதவுகள் நழுவாமல் சம்பந்தியம்மா அவற்றின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார். "எந்தப் பக்கம் பார்த்த வாசல் வைக்கலாம்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா கண்ணெடுக்காமல் தண்ணீரைப் பார்த்தபடி படகை மெல்ல வலது பக்கம் திருப்பினாள்.